அடைப்பானும் மாட்டிறைச்சியும்

பூம்பாறையிலோ மன்னவனூரிலோ ஒரு குடியானவர் விடியற்காலையில் தொழுவத்திற்குச் செல்லுகிறார். முந்திய மாலை மேய்ச்சலினின்று நலமாய்த் திரும்பி, தீனியும் தின்ற பசு, வயிறு உப்பி மாண்டு கிடக்கிறது. மூக்கிலும் ஆசனவாயிலும் கறுத்த இரத்தம் கசிந்திருக்கிறது, அது உறையவுமில்லை. பாம்பு தீண்டிற்றென்பார் ஒருவர். விஷப்பூண்டைத் தின்றதென்பார் மற்றொருவர். இரவில் இடி விழுந்ததென்பாரும் உண்டு. அதற்குள் செய்தி பரவி, தோலுக்கும் இறைச்சிக்குமாக விலை பேச ஆள் வந்து நிற்கிறான். பசு போனதோடு கைக்கு ஏதும் வராமற் போகவேண்டுமா என்ற எண்ணம் அக்குடியானவருக்கு உண்டாவது இயல்பே. ஆயினும் அந்த ஒரு நாழிகையில் அவர் செய்யும் தீர்மானம், தம் வீட்டாருக்கும், ஊராருக்கும், தம் நிலத்தில் இன்னும் பல ஆண்டுகள் மேயப்போகும் கால்நடைகளுக்கும் நன்மையாகவோ பெருங்கேடாகவோ முடியக்கூடும்.

இவ்வாறு முன்னறிவிப்பின்றி மாட்டைக் கொல்லும் வியாதிகளுள் தலையாயது அடைப்பான். ஆங்கில வைத்தியர் இதனை ஆந்த்ராக்ஸ் என்பர். கிரேக்க மொழியில் அச்சொல்லுக்குக் கரி என்பது பொருள். இந்நோய் மனிதன் தோலில் உண்டாக்கும் புண் கரிபோலக் கறுத்து நிற்பதால் அப்பெயர் வந்தது. இதற்குக் காரணமான கிருமி பாசில்லஸ் ஆந்த்ராஸிஸ் எனப்படும். 1876-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் ஒரு சிறு நகரத்து வைத்தியராயிருந்த ராபர்ட் காக் என்பவர், இக்கிருமியைத் தனியே வளர்த்து, அதுவே நோயை உண்டாக்குகிறதென்று முதன்முதல் நிரூபித்தார். அதைக் காட்டிலும் குடியானவர்கள் அறியவேண்டியது அவர் கண்ட வேறொரு விஷயம். இக்கிருமி தனக்கு அநுகூலமில்லாத காலத்தில் தன்னைச் சுற்றித் தடித்த ஓடொன்றை உண்டாக்கிக்கொண்டு, விதைபோல் உறங்கிக் கிடக்கும். அவ்வித்துக்கள் வெயிலுக்கும் வறட்சிக்கும் எளிதில் அழியா. மண்ணில் பல பத்தாண்டுகள் கிடந்து, மேயும் மாட்டின் வாய்வழி உட்சென்றதும் மீண்டும் உயிர்பெற்றுப் பெருகும்.

செத்த மாட்டை அறுக்கலாகாது என்பதற்குக் காரணம் இவ்விடத்திலேதான் இருக்கிறது. மாண்ட மாட்டின் இரத்தத்தில் நிறைந்திருக்கும் கிருமிகள் யாவும் ஓடில்லாத மெல்லிய கிருமிகளே. ஓடு உண்டாவதற்குக் காற்று வேண்டும். உடல் மூடிக் கிடக்கும்வரை உள்ளே காற்றில்லை. குடலிலிருந்து பரவும் அழுகலில் இக்கிருமிகள் சில நாட்களுக்குள் பெரும்பாலும் தாமே மடிந்துபோகும். கத்தி பட்டவுடன் நிலைமை மாறுகிறது. இரத்தம் மண்ணிற் சிந்தி, காற்றுப்பட்ட கிருமிகள் வித்தாகி, அந்த இடம் நோயின் நாற்றங்காலாகிவிடுகிறது. நாயும் கழுகும் கிழிப்பதாலும் இதே கெடுதி நேரும். எனவே காவல் வைப்பதும், மூக்கு, ஆசனவாய் முதலிய துவாரங்களைக் கிருமிநாசினியில் நனைத்த துணியால் அடைப்பதும், அறுக்காமலிருப்பதற்குச் சமமான அவசியமுள்ளவை.

மண்ணில் விழுந்த வித்து எவ்வளவு பொறுமையுள்ளது என்பதற்கு அத்தாட்சிகள் பல. பிரான்ஸ் தேசத்தில் சில வயல்களில் ஆடு மேய்ந்தால் மடியுமென்றும், அவை சபிக்கப்பட்ட வயல்களென்றும் குடியானவர் நெடுங்காலம் நம்பி வந்தனர். நோயால் மாண்ட ஆடுகளைப் புதைத்த இடங்களே அவை என்பதையும், மண்புழுக்கள் கீழ்மண்ணோடு வித்துக்களையும் மேலே கொணர்கின்றன என்பதையும் லூயி பாஸ்தர் எடுத்துக்காட்டினார். ஸ்காத்லாந்துக் கரையை அடுத்த குருயினார்டு என்னும் சிறு தீவில், யுத்த காலமாகிய 1942-ல் பிரிட்டிஷார் இக்கிருமியை ஆடுகளின்மேற் பரீட்சித்தனர். அதன் பின் ஏறக்குறைய அரை நூற்றாண்டு அத்தீவில் எவரும் கால்வைக்க இயலவில்லை. 1986-ல் 280 டன் பார்மால்டிஹைடைக் கடல்நீரிற் கலந்து நிலத்தை நனைத்த பிறகே, 1990-ல் அது பயமற்றதென்று அறிவிக்கப்பட்டது. வடதுருவத்தை அடுத்த ஸைபீரியாவின் யமால் பிரதேசத்தில் 1941-க்குப் பிறகு தலைகாட்டாதிருந்த இந்நோய், 2016-ஆம் ஆண்டுக் கோடையில் உறைநிலம் இளகியதும் மீண்டு வந்து, 2,000-க்கு மேற்பட்ட கலைமான்களையும் ஒரு சிறுவனையும் கொண்டுபோயிற்று.

தொலைதேசத்துச் செய்தியென்று இதனைத் தள்ளிவிடுவதற்கில்லை. பழனி மலை மேற்குத் தொடர்ச்சி மலையினின்று கிழக்கே நீண்ட ஒரு கிளையே. அதே தொடரில், ஆனைமலைக்கு அப்பால் கேரளத்து அதிரப்பள்ளிக் காட்டில், 2022-ஆம் ஆண்டு மத்தியில் காட்டுப்பன்றிகள் அடைப்பானால் மாண்டு கிடந்தன. கொடைக்கானல் பகுதியிலோ காட்டுமாடுகள் தோட்டத்திலும் தெருவிலும் நடமாடுவதை யாவரும் அறிவர். பகலில் ஊர் மாடு மேய்ந்த புல்லை இரவில் காட்டுமாடு மேய்கிறது. இரண்டும் ஓடைநீரைப் பொதுவாய்க் குடிக்கின்றன. ஊர் மாட்டின் நோய் காட்டுமாட்டுக்குத் தாவுவதும் புதிதன்று. 1968-ல் வெக்கை நோய் முதுமலை, பந்திப்பூர்க் காடுகளிற் புகுந்து காட்டுமாடுகளைப் பெருவாரியாக மாய்த்தது. வெக்கை நோயை 2011-ல் உலகத்தினின்றே ஒழித்தாயிற்று. மண்ணில் உறங்கும் அடைப்பானை அவ்வாறு ஒழித்துவிட இயலாது. 2013-ல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இம்மலைக்காட்டின் ஓரத்தில், பாதி அறுத்த மாட்டின் உடலை எறிவது இரட்டிப்புத் தீங்கு.

நோயை அறியும் வகை

அடைப்பான் கண்ட மாடு பெரும்பாலும் நோயாய்க் கிடப்பதே இல்லை. சில மணி நேரம் கடுஞ்சுரம், நடுக்கம், மூச்சுத்திணறல், பிறகு சாவு. செத்தபின் உடல் விரைவில் உப்பும்; விறைப்பு ஏறாது, அல்லது மிகக் குறைவாக ஏறும்; துவாரங்களில் கறுத்து உறையாத இரத்தம் தோன்றும். இவை யாவும் எப்பொழுதும் ஒருங்கே காணப்படுமென்பதில்லை. நம் குடியானவர்கள் பலர் தொண்டை அடைப்பானையும் இதனையும் ஒன்றென எண்ணுகின்றனர். தொண்டை அடைப்பான் வேறொரு கிருமியால் வருவது. கழுத்தும் தாடையும் வீங்கிக் குறட்டை போல மூச்சு இழுக்கும். சப்பை நோயில் தொடைச் சதை வீங்கி, அழுத்தினால் நறநறவென்று ஒலிக்கும். இம்மூன்றையும் வெளிக்கண்ணால் பிரித்தறிவது தேர்ந்தவருக்கும் எளிதன்று. உள்ளே திறந்து பார்த்தால் தெரியுமே என்று சிலர் கூறுவர். அடைப்பானாயின் மண்ணீரல் பெரிதாய்த் தாரைப்போலக் கறுத்திருக்கும் என்பது மெய்யே. அதைக் காண்பதற்குள் செய்யக்கூடாத காரியம் முடிந்திருக்கும். கால்நடை டாக்டரோ காதின் நரம்பிலிருந்து ஒரு துளி இரத்தம் எடுத்துக் கண்ணாடித் துண்டில் தடவிச் சாயமிட்டுப் பூதக்கண்ணாடியில் பார்த்தே கிருமியைக் கண்டறிவார். ஆகவே அவர் வரும்வரை காத்திருப்பதொன்றே குடியானவர் செய்யவேண்டிய பரீட்சை.

நன்றாக வேகவைத்தால் என்ன கெடுதி என்பது ஊரில் சொல்லப்படும் சமாதானம். இதில் பாதி உண்மையும் பாதிப் பிசகும் கலந்திருக்கின்றன. ஓடில்லாத கிருமிகள் சூட்டில் மடியும். வித்தானவையோ கொதிநீரிலும் பல நிமிஷங்கள் தாங்கவல்லவை. மேலும் கொடைக்கானல் கடல் மட்டத்திற்கு ஏறக்குறைய 7,000 அடி உயரத்திலிருப்பதால், அங்கே நீர் 100 டிகிரியில் அன்றி 93 டிகிரி அளவிலேயே கொதித்துவிடுகிறது. சமவெளியில் பருப்பு வேகும் நேரத்தில் மலையில் வேகாதென்பதை எந்த வீட்டுப் பெண்ணும் அறிவாள். கிருமி விஷயத்திலும் கணக்கு அதுவே. அன்றியும், சமைப்பதற்கு முன் கையால் அறுத்து, கழுவி, நறுக்கவேண்டும். தீங்கு பெரும்பாலும் அடுப்புக்குப் போகுமுன்னரே நேர்ந்துவிடுகிறது.

மனிதருக்கு இந்நோய் வரும் வழிகளுள் கைக்கீறல் வழியே வருவதே மிகுதி. முதலில் கொசுக்கடி போலத் தடித்து, கொப்புளமாகி, நடுவில் கறுத்த பொருக்குடன் புண்ணாகும். சுற்றிலும் வீக்கமிருக்கும், வலி இராது. வலியில்லாமையாலேயே பலர் அசட்டை செய்கின்றனர். இறைச்சியைத் தின்று குடலில் நோய் கொண்டவருக்கு வாந்தியும், வயிற்று நோவும், இரத்தபேதியும் உண்டாகி உயிருக்கே மோசம் வரும். ரோமத்தையும் தோலையும் கையாள்வோர் மூச்சுவழியே இழுத்து மாள்வதும் உண்டு. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் இங்கிலாந்தின் பிராட்போர்டு ஆலைகளில் கம்பளி பிரிப்போர் இவ்விதம் மாண்டதால், அதற்குக் கம்பளி பிரிப்போர் நோய் என்றே பெயர் வழங்கிற்று. பெனிஸிலின் முதலிய மருந்துகள் நன்றாய் வேலை செய்வன. ஆனால் காலத்தில் கொடுத்தாக வேண்டும். செத்த மாட்டைத் தொட்டவர் டாக்டரிடம் செல்லும்போது, தொட்ட செய்தியை மறைக்காமற் சொல்லுவதே பாதி சிகிச்சை.

ஒரிஸ்ஸாவின் கோராபுட் ஜில்லாவில், மாண்ட மாட்டை அறுத்துப் பங்கிட்டு உண்ட மலைவாசிகளிடையே இந்நோய் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறது. நம் மாகாணத்திலும் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி வைத்தியர்கள் மனிதரிடத்து அடைப்பானைக் கண்டு எழுதியிருக்கின்றனர். தாய்லாந்தில் 2025-ஆம் ஆண்டு ஏப்ரலில், முக்தாகான் என்னும் பகுதியில் ஒரு சடங்குக்காக மாடறுத்து இறைச்சியைப் பங்கிட்டதன் தொடர்பாக ஒருவர் இந்நோயால் இறந்தார். அத்தேசத்தில் முப்பதாண்டுகளாக இந்நோயால் மரணமே இருந்ததில்லை.

இவ்வுதாரணங்களில் பொதுவாய்க் காணப்படும் ஒன்றைச் சொல்லாமல் விடலாகாது. செத்த மாட்டின் இறைச்சியை வாங்குவோர், விலை கொடுத்து நல்ல இறைச்சி வாங்க இயலாதவர். தோலுரிப்பவரும் தூக்கிச் செல்பவரும், ஊர் வழக்கத்தால் அவ்வேலை தம் தலையில் வைக்கப்பட்டவர். மாட்டுக்குடையவர் தம் கையைக் கறைப்படுத்திக்கொள்ளாமல், எடுத்துப்போ என்று ஒரு சொல் சொல்லிவிட்டு வீட்டுக்குள் செல்லுகிறார். அந்தச் சொல்லால் நோயும் கைமாறுகிறது. தானமாகக் கொடுத்தாலும், குறைந்த விலைக்குக் கொடுத்தாலும், அது கொடையாகாது. மாட்டை இன்ஷ்யூரன்ஸ் செய்திருப்பவர் நஷ்டஈடு கேட்கலாம். அதற்கும் கால்நடை டாக்டரின் சான்றே வேண்டும். மாடு துண்டங்களாய்ப் போனபின் எந்த டாக்டரும் சான்றளிக்க முடியாது.

கிராம அதிகாரிகளின் கடமை

கால்நடைத் தொற்றுநோய்களைத் தடுப்பதற்கென 2009-ல் மத்திய சர்க்கார் செய்த சட்டத்தின் அட்டவணையில் அடைப்பானும் சேர்ந்திருக்கிறது. அதன்படி, தம் மாட்டுக்கு இத்தகைய நோய் இருக்கலாமென்று எண்ணக் காரணமுள்ளவர், கிராம அதிகாரியிடமோ ஊராட்சியிலோ தெரிவிக்கக் கடமைப்பட்டவர். தெரிந்துகொண்டவர் அருகிலுள்ள கால்நடை டாக்டருக்கு எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும். நோயால் மாண்டதென்று சந்தேகமுள்ள உடலை விதித்த முறையிலன்றி அப்புறப்படுத்துவதும் குற்றமாகும். கிராம நிர்வாக அலுவலர் எழுதும் கடிதத்தில் மாடு மாண்ட நாள், மேய்ந்த இடம், உடலைத் தொட்டவர் எத்தனைபேர் என்ற மூன்றும் இருக்குமாயின், டாக்டருக்கும் சுகாதார இலாகாவினருக்கும் ஒருநாள் வேலை மிச்சமாகும். தாண்டிக்குடி, பண்ணைக்காடு முதலிய கீழ்மலை ஊர்களிலும், கவுஞ்சி, பூண்டி போன்ற மேல்மலை ஊர்களிலும் மழைக்காலத்தில் பாதை துண்டிக்கப்படுவதுண்டாகையால், கடிதத்திற்கு முன் டெலிபோனில் தெரிவிப்பது உசிதம். கால்நடை ஆம்புலன்ஸுக்குரிய எண் 1962.

உடலை எரித்துச் சாம்பலாக்குவது எல்லாவற்றிலும் மேல். மலையில் விறகும் ஆளும் கிடைக்காத இடத்தில் ஆழப் புதைக்கலாம். குழி ஆறடிக்குக் குறையாமலும், ஓடைக்கும் ஊற்றுக்கும் எட்டியும் இருத்தல் வேண்டும். மலைச்சரிவில் மேலே புதைத்தது மழையில் கீழே வருமென்பதை மலைவாசிகளுக்குச் சொல்லவேண்டுவதில்லை. உடலை இழுத்துச் செல்லாமல், சாத்தியமான வரையில் கிடந்த இடத்தருகிலேயே புதைத்து, கசிவு பட்ட மேல்மண்ணையும் வைக்கோலையும் கூடவே குழியிலிடுக. குழியில் சுண்ணாம்பு கொட்டுவது நம் நாட்டில் நெடுநாளைய பழக்கம். பழைய துண்டுப் பிரசுரங்களும் அதையே சொல்லுகின்றன. எனினும் உலக சுகாதார ஸ்தாபனத்தார் 2008-ல் வெளியிட்ட நூலில், சுண்ணாம்பிலுள்ள கால்ஸியம் அடைப்பான் வித்துக்கள் நீடித்திருக்கத் துணைசெய்யக் கூடுமாதலால் இந்நோய்க்கு அது தகாதென்று கூறியுள்ளனர். அவ்விடத்தில் டாக்டர் சொல்லும் கிருமிநாசினியையே உபயோகித்தல் நலம். புதைத்த இடத்தைக் கல்லடுக்கி வேலியிட்டு, கிராமக் கணக்கில் குறித்து வைப்பின், இருபதாண்டு கழித்து அங்கே உருளைக்கிழங்குக்குக் கொத்தப்போகும் ஒருவருக்கு அது பேருபகாரமாகும்.

நோயில்லா மாட்டின் இறைச்சி

நன்றாயிருந்த மாட்டை அறுத்தால் அச்சமேயில்லை என்று எண்ணுவதும் தவறு. ஈ கோலை ஓ157 என்னும் ஒருவகைக் குடற்கிருமி, மாட்டின் குடலில் அதற்கு யாதொரு துன்பமுமின்றி வாழ்வது. மனிதக் குழந்தையின் உடலிற் புகின் இரத்தபேதியை உண்டாக்கி, சிறுநீரகத்தையும் கெடுக்கும். 1993-ல் அமெரிக்காவின் மேற்கு மாகாணங்களில் சரியாக வேகாத கொத்துக்கறியால் 700-க்கு மேற்பட்டவர் நோயுற்று நான்கு குழந்தைகள் இறந்தனர். இதில் கவனிக்கத்தக்கது கொத்துக்கறி என்பதே. கிருமி சாணத்தாலும் குடல் கிழிதலாலும் இறைச்சியின் மேற்புறத்தில் படிவது. முழுத்துண்டாயின் மேற்புறம் எளிதில் சூடேறிக் கிருமி மடியும். கொத்தும்போது மேலுள்ளது உள்ளே போய்விடுகிறது. நடுப்பாகம்வரை 70 டிகிரிக்கு மேல் சூடேறி, சிவப்பு நிறம் மாறும்வரை வேகவைப்பின் இக்கிருமி தாங்காது. இது வித்தாகும் இனமன்று. ஆகையால் கொடைக்கானல் அடுப்பின் 93 டிகிரியே இதற்குத் தாராளமாகப் போதும். காரட்டுக்கும் பூண்டுக்கும் பச்சைச் சாணத்தை இடாமல் மக்கவைத்து இடவேண்டுமென்பதற்கும் இதுவே ஒரு காரணம். காரட்டைப் பச்சையாய்த் தின்பவர் அநேகர்.

கசாப்பு விஷயமாக 2001-ஆம் ஆண்டு விதிகள், அங்கீகாரம் பெற்ற கொட்டிலில் மட்டுமே அறுக்கவேண்டுமென்றும், வந்த மாட்டுக்கு 24 மணி நேரம் ஓய்வு தந்து டாக்டர் பார்வையிட்ட பின்னரே அறுக்கவேண்டுமென்றும் கூறுகின்றன. நடந்து களைத்த மாட்டை உடனே அறுத்தால் இறைச்சி கறுத்து விரைவில் கெடும் என்பது கசாப்புக்காரர்களே அறிந்தது. கருச்சிதைவு நோய், காசநோய் இவற்றின் கிருமிகளும் சூட்டில் மடிவனவே. அவற்றால் உண்பவரைவிட அறுப்பவருக்கும், பால் காய்ச்சாமற் குடிப்பவருக்கும், கன்று ஈனும்போது கைகொடுப்பவருக்குமே ஆபத்து அதிகம். கருச்சிதைவு நோய்க்கு நான்கு முதல் எட்டு மாதம்வரையுள்ள கிடாரிக் கன்றுகளுக்குத் தடுப்பூசி போடும் தேசியத் திட்டம் 2019-ல் தொடங்கி நடந்து வருகிறது.

அடைப்பானுக்கோ தடுப்பூசியின் சரித்திரம் நீண்டது. 1881-ல் பூயி லெ போர் என்னும் கிராமத்தில், குடியானவர்களும் பத்திரிகைக்காரர்களும் சூழ்ந்து நிற்க, பாஸ்தர் 24 ஆடுகளுக்குத் தடுப்பு மருந்து குத்தினார். வேறு 24 ஆடுகளை அப்படியே விட்டார். பிறகு எல்லாவற்றுக்கும் கடுங்கிருமியைச் செலுத்த, குத்தப்படாதவை யாவும் மடிந்தன. இப்பொழுது வழங்கும் மருந்து, தென்னாப்பிரிக்காவில் மாக்ஸ் ஸ்டெர்ன் என்பவர் 1937-ல் கண்ட சாதுவான இனத்து வித்துக்களினின்று செய்வது. நம் நாட்டில் இராணிப்பேட்டையில் 1932 முதல் நடைபெறும் கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிலையம் இதனைத் தயாரிக்கிறது. முன்பு நோய் கண்ட ஊர்களில் ஆண்டுக்கொரு முறை, மழைக்குச் சுமார் ஒரு மாதம் முன்னதாகப் போடுவது முறை. கொடைக்கானலுக்கு ஐப்பசி, கார்த்திகையிலேயே பெருமழையாதலால், ஆவணி புரட்டாசியில் போட்டுக்கொள்வது பொருந்தும். மருந்து உயிருள்ள வித்தாகையால், ஊசி போட்ட சமயத்தில் மாட்டுக்குப் பெனிஸிலின் போன்ற மருந்துகளைக் கொடுத்தால் அதன் பலன் கெடும். வேறு நோய்க்கு அம்மருந்து கொடுத்திருப்பின் அதனைத் தடுப்பூசி போட வருபவரிடம் முன்கூட்டியே சொல்லவேண்டும். ஊசி போட்ட மாட்டைச் சில வாரங்களுக்குள் கசாப்புக்கு விற்கலாகாது. பொள்ளாச்சிச் சந்தைக்கு மாடு ஓட்ட நினைப்பவர்கள் அந்நாட்களைக் கணக்கிட்டு, சந்தையை முந்தவோ ஊசியைப் பிந்தவோ வைக்காமல், டாக்டரிடம் கலந்துகொண்டு நாளைக் குறித்துக்கொள்ளலாம்.